எக்ஸ்ரேயில ஒண்டும் இல்லையாம்!

போன செமஸ்டர் எங்கட பீட வலைப்பந்து அணியில ஒருத்திக்கு, பாய்ந்து இறங்கேக்க முழங்கால் திருகிட்டுது. 'டக்' எண்ட சத்தம் அவளுக்கே கேட்டதாம். எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு முறியேல்லை. இரண்டு கிழமையில வீக்கமும் வத்திட்டுது. பிறகென்ன, "நடிக்கிறாள்" எண்டு கதை.

லிகமென்ற் எக்ஸ்ரேயில தெரியாது. எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிற அந்த நார் முழங்காலுக்குள்ள முழுசா அறுந்தால், நோவு போனாலும் மூட்டின் பிடி தானாகத் திரும்பிறது அருமை. நேரே நடக்க ஏலும். சட்டென்று திரும்பினால் முழங்கால் பிடிவிடும். அப்பிடி விடுற ஒவ்வொரு முறையும் உள்ளே குருத்தெலும்பும் சேதமாகலாம். படியிறங்க அவள் பயப்படுறது இதாலதான்.

இங்கிலாந்து உதைபந்தாட்ட அணித் தலைவி லியா வில்லியம்சன் முழங்கால் லிகமென்ற் அறுந்துதான் 2023 உலகக்கிண்ணத்தைத் தவறவிட்டார். அவரைப் பார்த்து "நடிக்கிறாள்" எண்டு சொல்லுவமா? ஒரே விளையாட்டில ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்தக் காயம் கூட வருது. எங்கட பயிற்சியோ மைதானத்தைச் சுற்றி இரண்டு ஓட்டம், பிறகு நேரே மட்ச். பாய்ந்தால் எப்பிடி முழங்காலை மடிச்சு இறங்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லித்தாறதில்லை.

அடுத்த மாதம் பீடங்களுக்கிடையிலான போட்டி. அணிப் பட்டியலில அவளின் பெயரும் இருக்கு. எம்.ஆர்.ஐ. இன்னும் எடுக்கேல்லை.