படைப்புழு ஆண்டும், வரும் புரட்டாசியும்

கடந்த மார்கழி, தை மாதங்களில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் காடுகளில் கதிர் ஒடிப்பது பற்றிப் பேசியவர்கள் குறைவு. காட்டை அழித்து உழுதுவிடலாமா, மாட்டை விட்டு மேய்த்துவிடலாமா என்ற பேச்சுதான் அதிகம் கேட்டது. குருத்தெல்லாம் சல்லடையாகி, மரத்தூள் போல எச்சம் நிரம்பிக் கிடந்த மக்காச்சோளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வடகிழக்குப் பருவமழையும் குறைந்துபோக, விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் மிஞ்சிய வீடுகள் பல. தமிழக அரசு ரூ.186 கோடி நிவாரணம் அறிவித்தது. அது ஆறுதல்தான், ஆனால் ஒரு போக விளைச்சலுக்கு அது ஈடாகாது.

இப்போது ஆவணி. புரட்டாசி மழைக்கு விதைக்கும் நாள் நெருங்குகிறது. "இந்த வருசம் மக்காச்சோளம் போடலாமா, வேண்டாமா?" என்பதுதான் இன்று ஊருக்கு ஊர் கேட்கும் கேள்வி. போடலாம். ஆனால் சென்ற ஆண்டு போட்டது போலப் போடக்கூடாது.

முதலில், நடந்தது என்ன என்று பார்ப்போம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் படைப்புழு, 2016-ல் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. 2018-ல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் நம் காட்டுக்கும் வந்துவிட்டது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் 1,500 முட்டைகளுக்கு மேல் இடும். தொடக்கத்தில் பலரும் இதை வழக்கமான தண்டுத்துளைப்பான் என்றே நினைத்தோம். ஆராய்ச்சியாளர்களாகிய எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புழுவின் தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடும், வால் பகுதியில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருப்பதை ஊரெல்லாம் அறிந்துகொண்டபோது, புழு குருத்துக்குள் இறங்கிவிட்டது. அதன்பின் அடித்த மருந்து, எச்சத்தால் அடைபட்ட குருத்துக்குள் புழுவைச் சென்று சேரவில்லை. இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடித்தவர்களுக்கும் செலவுதான் கூடியது.

இரண்டாவது காரணம் நம் விதைப்பு முறை. ஆடியில் ஒருவர், ஆவணியில் ஒருவர், ஐப்பசியில் ஒருவர் என்று விதைத்தோம். இந்தப் பூச்சி முட்டையிலிருந்து மீண்டும் பூச்சியாக ஏறக்குறைய 30 நாள்கள் போதும். முன்னால் விதைத்த காட்டில் பெருகிய பூச்சி, அடுத்த காட்டின் இளம்பயிருக்குத் தாவியது. வரப்புக்கு வரப்பு இடைவெளியின்றி மக்காச்சோளமே நின்றதால் அதற்குத் தீனி தடைபடவே இல்லை. அவரவர் காட்டை அவரவர் காப்பாற்றப் பார்த்தோம். அதனால் யார் காடும் தப்பவில்லை.

ஆகவே, இந்த ஆண்டு செய்ய வேண்டிய முதல் வேலைக்குப் பணமே தேவையில்லை. ஊர் கூடிப் பேசுங்கள். மழை கிடைத்ததும், ஒரு பகுதியில் உள்ள அனைவரும் ஒரே வாரம், பத்து நாளுக்குள் விதைப்பை முடித்துவிடுங்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும், இதுவும் அப்படித்தான்.

அடுத்து, மண். கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் இருக்கும். கோடை உழவு செய்யாதவர்கள் இப்போதாவது ஆழ உழுது, கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பிவேரியா பேசியானா கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள். மானாவாரியில் வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். பத்து வரிசைக்கு ஒரு முறை 75 செ.மீ. இடைவெளி விட்டால், உள்ளே இறங்கிப் பார்க்கவும் மருந்து தெளிக்கவும் வசதி. வரப்போரம் தட்டைப்பயறு, எள் அல்லது சூரியகாந்தி, ஊடுபயிராக உளுந்து. இவை நன்மை செய்யும் பூச்சிகளுக்குப் புகலிடம். மக்காச்சோளம் ஏமாற்றினாலும் வீட்டுக்கு ஒரு வருமானம்.

முளைத்த முதல் 30 நாள்கள்தான் போராட்டக் காலம். வாரம் இருமுறை காட்டுக்குள் நடந்து, இலையின் அடியில் ரோமம் மூடிய முட்டைக் குவியல் தென்பட்டால் கையால் நசுக்கிவிடுங்கள். நூறு செடியில் ஐந்தில் சேதம் தெரிந்தால், லிட்டருக்கு 5 மி.லி. அசாடிராக்டின் 1500 பி.பி.எம். தெளிக்கலாம். சேதம் பத்தைத் தாண்டினால் மட்டும், லிட்டருக்கு 0.4 கிராம் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. அல்லது 0.5 மி.லி. ஸ்பைனிட்டோரம் 11.7 எஸ்.சி.; இரண்டில் ஒன்று மட்டும், கலக்க வேண்டாம். மாலை வேளையில், குருத்துக்குள் இறங்கும்படி தெளியுங்கள். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தெளிப்பானைத் தோளில் மாட்டாதீர்கள். பயிர்க் காப்பீட்டுப் பதிவையும் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

களத்தில் பணியாற்றும் வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு நாம் பாதிப்பைக் கணக்கெடுக்கப் போனோம். இந்த ஆண்டு விதைப்புக்கு முன்பே ஊருக்குள் போவோம். வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. வேப்பந்தட்டையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விவசாயி தேடி வரும்வரை காத்திராமல், முதல் முட்டைக் குவியல் தென்படும் நாளில் நாம் அந்தக் காட்டில் நிற்க வேண்டும்.

நம்பிக்கைக்கு ஒரு காரணமும் சொல்கிறேன். பனிக்காலத்தில் சில செடிகளில் புழுக்கள் வெள்ளை பூத்து விறைத்துக் கிடந்ததை நீங்கள் பார்த்திருக்கலாம். அது ஒரு பூஞ்சை செய்த வேலை. முட்டைகளைத் தாக்கும் சிறு குளவிகளும் நம் காடுகளில் உண்டு. வந்தேறிப் புழுவுக்கு இந்த மண்ணிலும் எதிரிகள் இருக்கிறார்கள். கண்டபடி மருந்தடித்து அவற்றை நாமே கொல்லாமல் இருந்தால், அவையும் நம் பக்கம் நிற்கும்.

படைப்புழு இந்த ஆண்டும் வரும். அதை முழுவதுமாக ஒழித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் சென்ற ஆண்டு அது நம் காட்டுக்கு வந்தபோது நமக்கு அதன் பெயரே தெரியாது. இந்த முறை அதன் வழியும் தெரியும், வயதும் தெரியும். விதைப்பெட்டியைக் கையில் எடுக்கும் முன், பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். வரும் தைப்பொங்கல் நல்ல பொங்கலாக அமையட்டும்.