தண்ணீர்த் தொட்டியில் ஒரு தையல் இயந்திரம்

ஹிரோஷிமாவில் லட்சம் பேர் மாண்டதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த எண் அது, அழுகை வரவில்லை. பல வருடங்கள் கழித்து அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி அந்த அணுகுண்டு வீச்சைப் பற்றி எழுதிய ‘ஹிரோஷிமா’வைப் படித்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. உயிர் பிழைத்த ஆறு பேரை மட்டும் அவர் பின்தொடர்கிறார். அதில் ஒருவர், போரில் இறந்துபோன தையல்காரரின் மனைவி. இடிபாடுகளிலிருந்து மூன்று பிள்ளைகளையும் தோண்டி எடுத்தவர், கிளம்பும் முன் தையல் இயந்திரத்தை வீட்டு வாசல் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார். நாளைக்கும் கஞ்சி குடிக்க வேண்டுமே! பிறகு எடுத்துப் பார்த்தால் முழுக்கத் துரு. இந்தத் துருவை எந்தப் புள்ளிவிவரம் காட்டும்? ஹெர்சி ஓரிடத்திலும் குரலை உயர்த்துவதில்லை, நம்மை அழச் சொல்வதுமில்லை. உடனிருந்து கேட்டு, கேட்டதை அப்படியே அடுக்குகிறார். அதற்குப் பொறுமை வேண்டும், பக்கங்களும் வேண்டும். நம் பத்திரிகைகள் செய்தியாளருக்குக் கொடுக்கத் தயங்குவது இவ்விரண்டையும்தான். ஆனால் ஹெர்சியின் கட்டுரை வெளியான, 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட நியூயார்க்கர் இதழின் ஆசிரியர்கள் மற்ற கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இதழ் முழுவதையும் இந்த ஆறு பேருக்கே கொடுத்தார்கள்.