வண்டித் தடமும் வாய்மையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிஸ்ஸூரி நதி தீரத்தினின்று மேற்கே ஆரிகன் பிரதேசம் வரையில் சுமார் 2,170 மைல் நீண்டு சென்றது ஆரிகன் வண்டிப்பாதை. 1843-ம் வருஷம் ஏறக்குறைய ஆயிரம் பேர் ஒருங்கே இவ்வழியில் புறப்பட்டனர். 1869-ல் கண்டத்தின் குறுக்கே ரயில் ஓடத் தொடங்கியபின் வண்டிகள் குறைந்தன. ஏரும் வாய்க்காலும் நெடுஞ்சாலையும் பல இடங்களில் தடத்தையே அழித்துவிட்டன.

அவ்வாறு அழிந்துவரும் வழியை ஆராய்ந்தவர்களுள் ஆப்ரி ஹெயின்ஸ் ஒருவர். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் எஞ்சினீயராகவும், பின்பு சரித்திராசிரியராகவும் பணிபுரிந்த அவர், ஆரிகன் பாதையின் சரித்திர ஸ்தலங்களைக் குறித்து எழுதிய நூல் 1981-ல் வெளியாயிற்று.

இவ்வேலைக்கு ஆர்வம் மட்டும் போதாது. முற்காலத்துச் சர்க்கார் நில அளவையாளர்கள் 66 அடிச் சங்கிலியால் அளந்து செல்கையில், தங்கள் கோட்டை வண்டிப்பாதை எங்கே குறுக்கிட்டது என்று குறிப்பேட்டில் பதிந்தனர். அக்குறிப்பைப் பிரயாணிகளின் நாட்குறிப்போடு ஒப்பிட்டு, பின்பு நிலத்தில் இறங்கித் தேடவேண்டும். வயோமிங் ராஜ்யத்தில் கெர்ன்ஸி என்னுமிடத்தில் மணற்பாறையிலேயே ஐந்தடி ஆழம்வரை சக்கரத் தடம் பதிந்திருக்கிறது. மற்ற இடங்களிலோ, புல்வெளியில் ஒரு சிறு பள்ளமே சாட்சி. 1982-ல் தோன்றிய ஆரிகன்-கலிபோர்னியா பாதைச் சங்கத்தார், மாறாத தடம் வேறு, ருசுப்படுத்த இயலாத தடம் வேறு என வகுத்தே குறிக்கின்றனர். அனுமானத்தைச் சாட்சியமென்று காட்டாத இந்நேர்மையை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆனால், அதே நேர்மை இன்னும் ஒருபடி மேலே செல்லவேண்டும். வண்டியில் சென்றோரை ‘முன்னோடிகள்’ என்கிறார்கள். அவர்களுக்கு முன் அங்கே ஜனங்கள் இல்லையா? 1812-ல் ராபர்ட் ஸ்டூவர்ட் மலைகளைக் கடந்து கிழக்கே திரும்புகையில், தெற்கே குறுக்குவழி ஒன்றுண்டு என்று அவருக்குச் சொன்னவர் ஷோஷோனி இனத்தார் ஒருவரே. 1851-ல் லாரமி கோட்டை உடன்படிக்கையில், தங்கள் நிலத்தில் சாலையிடும் உரிமையைப் பூர்வகுடிகள் அளித்தனர். அதற்கு ஈடாக வாக்களித்த 50 வருஷ உதவியை அமெரிக்க செனட் சபை 10 வருஷமாகக் குறைத்துவிட்டது!

சக்கரத் தடத்தைத் துல்லியமாகக் காட்டி, அதற்குக் கீழுள்ள காலடித் தடத்தை மறைக்கும் படம் பாதிச் சாட்சியமே. பாதி சாட்சியத்தை எந்த நியாயஸ்தலமும் ஏற்காது, சரித்திரமும் ஏற்கலாகாது. பாதையை அளப்போர் அதை முதலில் நடந்தோரின் பெயரையும் படத்தில் பொறிப்பார்களாக.