ஓம்னி வண்டியும் ஓரிரவு உறக்கமும்

'கேரவன்' என்ற சொல் தமிழுக்குப் படப்பிடிப்புத் தளத்திலிருந்து வந்து சேர்ந்தது. நட்சத்திரங்கள் ஒப்பனை செய்துகொள்ளவும் ஓய்வெடுக்கவும் நிற்கும் குளிரூட்டப்பட்ட வண்டிக்கு அது பெயர். இப்போது அச்சொல் சுற்றுலா விளம்பரங்களுக்குள் புகுந்துவிட்டது. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது நம்மவர் பலரும் கைதட்டினர். நாங்கள் கைதட்டவில்லை. வண்டியிலேயே தங்கிப் பயணம் செய்வதில் எங்களுக்கு மறுப்பேதும் இல்லை. அது வசதி படைத்தோருக்காக மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்ற பேச்சைத்தான் மறுக்கிறோம்.

ஆடி மாதத்தில் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்று கூண்டு கட்டிய மாட்டுவண்டி. இன்று டெம்போவும் வேனும். உள்ளே அரிசி மூட்டை, அண்டா, பாய், போர்வை, தார்ப்பாய், கைக்குழந்தை, பாட்டி. மரத்தடியில் வண்டி நின்றால் அதுவே வீடு. கல் மூன்றைக் கூட்டினால் அதுவே அடுப்படி. இதற்கு யாரும் ஆங்கிலப் பெயர் வைக்கவில்லை என்பதற்காக இது இல்லாமல் போய்விடுமா?

குறுகிய இடத்தில் வாழும் கலையை ஆரணிக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டாம். பட்டுத்தறி போட்ட வீட்டில் முதல் உரிமை தறிக்குத்தான். பாவு நீளும் திசையில் மனிதர் நடக்க முடியாது; ஜக்கார்டு பெட்டி ஏறிய இடத்தில் கூரை தாழ்ந்துவிடும். மிஞ்சிய இடத்தில்தான் சமையல், படிப்பு, உறக்கம், கல்யாணப் பேச்சு எல்லாம். பகலில் சுருட்டி வைத்த பாய் இரவில் அறையாகும். 'சிறிய இடம், பெரிய வாழ்க்கை' என்று பளபளப்பான இதழ்கள் இன்று வியந்து எழுதுவது நெசவாளர் தெருவின் அன்றாடம்.

இனி எங்கள் வழக்குக்கு வருவோம். முதல் எதிரி வணிகம். மடக்கு மேசை, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, மரத்தாலான உள்சுவர் என்று பட்டியலை நீட்டி, பல லட்சம் இல்லாமல் இப்பயணம் ஆகாது என்று நம்பவைக்கிறார்கள். இது பொய். 1984இல் வந்து 2019இல் உற்பத்தி நின்ற மாருதி ஓம்னியையே எடுத்துக்கொள்வோம். 796 சி.சி. இன்ஜின், மூன்றே முக்கால் மீட்டருக்கும் குறைந்த நீளம், எந்த ஊர் மெக்கானிக்கும் அறிந்த வண்டி. அதில் எட்டுப் பேர் அமரும் வகையில் பின்னிருக்கைகள் இரண்டும் எதிரெதிராக இருக்கும். நடுவிலுள்ள பள்ளத்தின் மேல் பலகை போட்டால் ரயில் பெர்த்தைவிட அகலமான படுக்கை கிடைக்கும். எட்டடிக்கு நாலடி, 12 மி.மீ. பிளைவுட் ஒன்று ஏறத்தாழ 20 கிலோ எடை. அதை மூன்று துண்டாக அறுத்தால் ஒருவரே தூக்கி வைக்கலாம். மேலே இலவம்பஞ்சு மெத்தை, ஜன்னலுக்குத் தையற்காரர் தைத்துத் தரும் கொசுவலை, அடியில் இரண்டு தகரப் பெட்டி, ஒரு தண்ணீர் கேன்.

மின்சாரக் கணக்கும் அச்சுறுத்தக்கூடியதல்ல. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. ஈய அமில பேட்டரியின் ஆயுளைக் காக்க அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், ஆக 600. 25 வாட் டி.சி. மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 200. 5 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் 20. இரண்டு இரவுகள் தாராளமாகக் கழியும். 100 வாட் சூரியத் தகட்டை வெயிலில் சாய்த்து வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு 400 வாட்-மணியளவு திரும்பக் கிடைக்கும். பழைய வண்டியின் விலை நீங்கலாக, இவை அனைத்தும் எங்கள் கணக்கில் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்ட வேண்டியதில்லை.

இரண்டாவது எதிரி சட்டத்தின் பாகுபாடற்ற முரட்டுத்தனம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் இறுக்கிப் பொருள் கூறியது. அதே ஆண்டின் திருத்தம் மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்றது. அடிச்சட்டத்தை வெட்டி ஒட்டுபவனைத் தண்டிக்கட்டும். அதில் எங்களுக்குப் பிணக்கில்லை. மோட்டார் கேரவன்களுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலைக்கும் சோதனைக்கூடத்துக்கும் எழுதப்பட்டது. ஒற்றை வண்டி வைத்திருக்கும் நெசவாளருக்கு எட்டாதது. இதற்கிடையே, 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பழைய வண்டி யாருடைய வண்டி என்பதை யோசித்தால் இந்தச் சுமை யார் தலையில் விழுந்தது என்பது விளங்கும்.

எனவே நாங்கள் சொல்வது இதுதான்: இருக்கையைக் கழற்றாதீர்கள், கழற்றினால் இருக்கை எண்ணிக்கை மாறும், சான்றும் பொய்யாகும். கூரையை வெட்டாதீர்கள். நிறத்தையும் மாற்றாதீர்கள், வெயிலுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டினால் போதும். பலகையும் பெட்டியும் காலையில் இறக்கி வைக்கக்கூடிய சாமான்களாகவே இருக்கட்டும். வண்டி ஓடும்போது எவரும் படுக்கக் கூடாது.

எங்கள் தரப்பினரிடமும் சினம் கொள்ள எங்களுக்கு உரிமையுண்டு. 'நம்ம ஊரில் எல்லாம் நடக்கும்' என்ற அலட்சியம் ஆளைக் கொல்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் எரிவாயு அடுப்பு பற்றவைக்கப்பட்டது. ஒன்பது பேர் மாண்டனர். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. விலையுயர்ந்த வண்டியிலும் அந்த வாயுவுக்கு மணமில்லை. அடுப்பு வண்டிக்கு வெளியே மட்டும். இன்ஜினை ஓடவிட்டு உறங்குவது அறவே கூடாது. இரண்டு ஜன்னல்கள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். சிக்கனத்தில் கைவைக்கக் கூடாத இடங்கள் இவை.

மூன்றாவது எதிரி நம் இலக்கிய நண்பர்கள். உண்மையான பயணி பேருந்தில் போவான், நடந்து போவான், கோயில் திண்ணையில் துண்டை விரித்துப் படுப்பான் என்கிறார்கள். படுப்பான்; 'படுப்பாள்' என்று எழுத ஏன் அவர்கள் பேனா தயங்குகிறது? மிதிகட்டையை மிதித்தே முழங்கால் தேய்ந்த நெசவாளரும் அவர் மனைவியும் எந்தத் திண்ணையில் படுப்பார்கள்? போளூருக்கு அருகே திருமலையில் நேமிநாதர் சிலை ஓங்கி நிற்கிறது; ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எவருடைய திருமணத்துக்கோ பட்டு நெய்தே ஆயுளைக் கழித்தவர்கள், தங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மலையில் ஒரு நாள் விடியலைப் பார்க்காமலே போவதை எளிமை என்று புகழ்வது எங்களுக்கு அருவருப்பாக இருக்கிறது.

கேரவன் பூங்காக்கள் எங்களுக்கு வேண்டாம். ராணி மங்கம்மாள் சாலையோரத்தில் சத்திரம் கட்டினார். தஞ்சை மராட்டியர் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை எழுப்பினர். வழிப்போக்கருக்கு ஓரிரவு இடம் தருவது அறம் என்று இந்த மண்ணின் அரசுகள் கருதிய காலம் ஒன்று இருந்தது. அதன் இன்றைய வடிவம் மிக எளியது: ஆற்றங்கரையிலும் மலையடிவாரத்திலும் பத்து வண்டி நிற்க இடம், ஒரு குழாய், ஒரு விளக்கு, பெண்கள் அஞ்சாமல் போகத்தக்க கழிப்பறை. கழற்றக்கூடிய படுக்கைக்கு அபராதமில்லை என்று இரண்டு வரியில் ஒரு விதி. மானியம் கேட்கவில்லை, தவணைக் கடனும் கேட்கவில்லை.

பலகையை எங்கள் தச்சரே அறுப்பார், வலையை எங்கள் தையற்காரரே தைப்பார். வண்டியை நிறுத்தும் இடத்தைத்தான் அரசு காட்ட வேண்டும்.