முதியோர் கையில் பொம்மை

மார்ச் 3ஆம் தேதி ஜப்பானில் ‘ஹினா மத்சூரி’ என்னும் பொம்மைத் திருநாள். பெண் குழந்தை உள்ள வீடுகளில் சிவப்புத் துணி விரித்த படிகளில் சக்கரவர்த்தி, சக்கரவர்த்தினி, பணிப்பெண்கள் மூவர், வாத்தியக்காரர் ஐவர் என்று பொம்மைகளை அடுக்கி, பீச் மலர் வைத்து, குழந்தையின் நலனுக்கு வேண்டிக்கொள்கிறார்கள். கொலு வைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்தத் திருநாளுக்கான வேலை அங்கே வீடுகளோடு நின்றுவிடவில்லை. முதியோருக்கான பகல் பராமரிப்பு நிலையங்களில் பிப்ரவரி மாதமே மேஜைமீது வண்ணக் காகிதமும் கத்தரிக்கோலும் பசையும் வந்துவிடுகின்றன. எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள் சுற்றி அமர்ந்து காகிதச் சக்கரவர்த்தியைச் செய்கிறார்கள். கேட்டவுடன், ‘வயதான காலத்தில் பொம்மை விளையாட்டா?’ என்று சிரிக்கத் தோன்றும். சிரிப்பதற்குமுன் யோசிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

ஜப்பானில் இன்று பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் 65 வயதைக் கடந்தவர்கள். 1963இல் நூறு வயதை எட்டியிருந்தோர் 153 பேர்தான். 2024இல் அவர்கள் தொகை 95,000ஐத் தாண்டியது. மருமகள் வீட்டோடு இருந்து மாமியாரைக் கவனித்த காலம் அங்கும் மலையேறிவிட்டது. எனவே அரசு 1997இல் சட்டம் செய்து, 2000 ஏப்ரல் முதல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தி வருகிறது. 40 வயதானால் சந்தா கட்டியாக வேண்டும். செலவில் பயனாளி தருவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு. வருமானம் கூடுதலாக உள்ளவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு. மீதியைச் சந்தாப் பணமும் அரசுப் பணமும் சரிபாதியாக ஏற்கின்றன.

பகல் நிலையம் இந்தத் திட்டத்தின் ஓர் அங்கம். காலையில் வேன் வாசலுக்கு வருகிறது. நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், மதிய உணவும் உடற்பயிற்சியும் உண்டு. மாலையில் வேன் வீட்டில் கொண்டுவந்து விடுகிறது. மகனும் மகளும் கவலையின்றி வேலைக்குப் போய் வர முடிகிறது. குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட பொழுதை என்ன செய்வது? அந்தப் பொழுதில்தான் பொம்மை வருகிறது.

பருவத்துக்கு ஒரு பொம்மை

பொம்மைக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. புத்தாண்டில் ‘தருமா’ என்னும் சிவப்பு உருண்டைப் பொம்மை. தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். வேண்டுதல் செய்யும்போது ஒரு கண்ணை மட்டும் வரைவார்கள். நிறைவேறிய பிறகே மற்றக் கண். மார்ச்சில் ஹினா. மே 5ஆம் தேதி குழந்தைகள் தினத்துக்கு வீரர் பொம்மையும் போர்த் தொப்பியும். ஜூன் மழைக்காலத்தில், வானம் வெளுக்க வேண்டி, வெள்ளைத் துணியைத் தலைபோலக் கட்டித் தொங்கவிடும் ‘தெரு தெரு போசு’. செப்டம்பர் நிலாவுக்கு முயல்கள்.

சாமான்கள் மிகச் சாதாரணமானவை. முட்டை ஓட்டைத் துளையிட்டுக் கழுவிக் காயவைத்தால் ஹினாவுக்கு உடம்பு ஆயிற்று. அதன்மேல் பூப்போட்ட காகிதத்தைக் கிமோனோவாகச் சுற்றி, கறுப்புக் காகிதத்தில் கூந்தல் ஒட்டி, கடைசியில் கண்ணும் வாயும் வரைய வேண்டும். போர்த் தொப்பிக்கு ஒரு பழைய தினசரித்தாள் போதும்.

பருவத்தோடு வேலையைச் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. நினைவு தவறத் தொடங்கியவருக்கு இன்று என்ன கிழமை என்பது புரியாமல் போகலாம். காலண்டரைக் காட்டிச் சொன்னாலும் மறுநிமிடம் மறந்துவிடலாம். ஆனால் கையில் சிவப்புத் துணியும் எதிரே பீச் மலரும் இருந்தால், இது எந்தக் காலம் என்பதை மற்றொருவர் சொல்லித் தரவேண்டிய அவசியம் குறைகிறது. அதற்காகப் பொம்மை செய்தால் மறதி நோய் குணமாகும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. விரலுக்குப் பயிற்சி, மனதுக்குப் பிடிமானம், பேசுவதற்கு ஒரு பொருள் - அது தருவது இவ்வளவே. தனிமையில் இருப்பவர்களுக்கு இதுவும் சிறிதல்ல.

இன்று அந்த மேஜையில் அமர்ந்திருக்கும் பெண்களில் பலர் யுத்த காலத்துச் சிறுமிகள். 1945இல் விமானத் தாக்குதல்களில் நகரங்கள் எரிந்தபோது வீடுகளோடு வீட்டுப் பொம்மைகளும் எரிந்தன. ஏழை வீடுகளில் முதலிலிருந்தே பட்டுப் பொம்மை வாங்க வசதி இருந்ததில்லை. அப்படிப்பட்ட ஒருத்தி 85 வயதுக்குமேல் தன் கையால் ஒரு ஹினா செய்தால், அதைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குவது எப்படி நியாயமாகும்?

அவமதிப்பு எங்கே வருகிறது?

ஆயினும் எதிர்ப்புக்கு இடமில்லாமல் இல்லை. குடும்பத்தை நடத்தியவர், தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர், பள்ளியில் பாடம் சொன்னவர் - இவர்களை வரிசையாக உட்கார வைத்து, ‘இங்கே ஒட்டுங்கள், அங்கே வெட்டுங்கள்’ என்று குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் பேசினால் அவர்கள் மனம் புண்படாதா? ஊழியர் பற்றாக்குறை ஜப்பானில் பெரிய தலைவலி. அவசரத்தில் காகிதத்தை ஊழியரே வெட்டி, ஊழியரே மடித்து, முதியவரிடம் பசைக்குச்சியை மட்டும் கொடுத்தால், சுவரில் இருபது பொம்மைகள் ஒரே முகத்தோடு தொங்கும். பார்க்க வரும் உறவினருக்கு அழகாக இருக்கலாம். செய்தவருக்கு அதில் என்ன பங்கு?

குறை பொம்மையில் இல்லை. கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. மாட்டேன் என்பவரை வற்புறுத்தக் கூடாது; அவருக்கு ‘கோ’ ஆட்டமோ ‘ஷோகி’ என்னும் ஜப்பானியச் சதுரங்கமோ இருக்கட்டும். நல்ல காகிதமாகவும் நல்ல துணியாகவும் தர வேண்டும். கோணலாக ஒட்டியதை அவர் எழுந்து போனபின் பிய்த்துச் சரிசெய்யக் கூடாது. தெரிந்தவரிடம் கேட்டுக் கற்க வேண்டும்.

கற்பதற்கு விஷயமா இல்லை? சக்கரவர்த்தியை எந்தப் பக்கம் வைப்பது என்பதிலேயே கியோட்டோ வழக்கம் வேறு, டோக்கியோ வழக்கம் வேறு. பார்ப்பவருக்கு வலப்புறம் என்பார் கியோட்டோக்காரர்; இடப்புறம் என்பார் டோக்கியோக்காரர். திருநாள் கழிந்தும் பொம்மையை எடுத்து வைக்காவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையும் உண்டு. காகிதப் பொம்மையில் தீவினையை ஏற்றி ஆற்றில் விடும் பழைய வழக்கம் தொத்தோரி பகுதியின் மோச்சிகாசே போன்ற ஊர்களில் இன்றும் நடக்கிறது. இவற்றைப் பற்றிப் பேச்சு எழும் மேஜையில் இருபது வயது ஊழியர் மாணவி; எண்பது வயது மூதாட்டியே ஆசிரியை. அந்த இடம் அவருக்குக் கிடைக்கிறதா என்பதே நிலையத்தின் தரத்துக்கு உரைகல்.

செய்த பொருள் எங்கே போகிறது என்பதும் முக்கியம். பக்கத்துப் பள்ளிக் குழந்தைக்கோ பேத்திக்கோ போய்ச் சேரும் பொம்மை, வேலையாகிவிடுகிறது. அலமாரியில் தூங்கும் பொம்மை வெறும் பொழுதுபோக்கு. தன் கைப்பொருளை ஒருவர் எதிர்பார்த்திருக்கிறார் என்ற எண்ணமே முதுமையில் பலம்.

இங்கே என்ன செய்யலாம்?

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தூரத்துச் சேதி அல்ல. ஊரில் தனியாக இருந்த தாயை மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ தாராவிக்கோ அழைத்து வருகிறார்கள். மகனும் மருமகளும் காலை லோகல் ரயிலைப் பிடித்தால் திரும்ப இரவாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு மராத்தி அந்த அம்மாவுக்குப் புரியாது. பேரனுக்குத் தமிழ் சரளமாக வராது. மிஞ்சுவது டெலிவிஷன் பெட்டி. சோறும் மருந்தும் குறைவின்றித் தந்துவிட்டோம் என்று பிள்ளைகள் திருப்திப்படலாம். ஆனால் நாள் முழுவதும் அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. அந்த வாயிடம் கேட்க யாருக்கும் ஒரு கேள்வி இல்லை.

ஜப்பானைப் போல் காப்பீடும் வேனும் உடனே வந்துவிடாது. அவற்றைக் கேட்டுப் பெறவேண்டியது வேறு விஷயம். அதுவரை கையில் உள்ளதைக் கொண்டு தொடங்கலாம். வார நாட்களில் பூட்டிக் கிடக்கும் சங்க மண்டபம் எதுவானாலும், வாரத்தில் இரண்டு பிற்பகல் திறந்து வைத்தால் போதும். புரட்டாசிக்கு முன் மரப்பாச்சிக்குப் புடவை கட்டவும், நிறம் போன கொலுப் பொம்மைக்கு வர்ணம் தீட்டவும், ஆவணியில் களிமண் பிள்ளையார் பிடிக்கவும் தெரிந்த கைகள் இந்த நகரத்தில் ஏராளம். கற்றுக்கொள்ளப் பேரக் குழந்தைகளை அனுப்பினால் தமிழும் கூடவே வந்துவிடும். ஆண்களுக்குக் கணக்கு எழுதுவது, கடிதம் படிப்பது, மண்டபத்தைக் கவனிப்பது என்று வேறு வேலை தேடலாம்.

ஜப்பானியர்கள் உடைந்த, பழைய பொம்மைகளைக்கூடக் குப்பையில் எறியத் தயங்குவார்கள். கோயிலில் ஒப்படைத்து, இத்தனை நாள் வீட்டில் இருந்ததற்கு நன்றி சொல்லி விடைகொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. பொம்மைக்கே இவ்வளவு மரியாதை என்றால், அதைச் செய்த கைகளை ஓர் அறையின் மூலையில் சும்மா கிடக்க விடலாமா? சம்பளக்காரப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இதைப் பேச வேண்டும். அந்தப் பேச்சில் அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்துக் கேட்பதே முதல் காரியமாக இருக்கட்டும்.