பூஞ்சணம் நம் அழுக்கா, வீட்டின் குறையா?

கடந்த மார்கழியில் கிளிநொச்சிக்குப் போயிருந்தோம். மலையாளபுரம், பாரதிபுரம் எல்லாம் நம்மவர்களின் ஊர்கள்தான். எழுபதுகளின் பஞ்சத்திலும் 1977 கலவரத்திலும் தோட்டத்தை விட்டு வன்னிக்கு இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். மழை ஒரு வாரமாக விடவில்லை. ஒரு வீட்டில் அக்கா ஒருவர் மகனின் பள்ளிப் புத்தகங்களை எடுத்துக் காட்டினார். அட்டையெல்லாம் பச்சை, உள்ளே கறுப்புப் புள்ளி. பையனுக்கு இழுப்பு. அதைவிட அவருக்கு வலித்தது, வீடு பார்க்க வந்த உத்தியோகத்தர் சொல்லிப்போனது: "சுத்தமாக வைத்திருந்தால் பூஞ்சணம் வராது. ஜன்னலைத் திறந்து விடுங்கள்."

"தினமும் கூட்டித் துடைக்கிறேன், சேர்" என்றார் நம்மிடம்.

இதே பேச்சைக் கேட்டுத்தான் நாமும் லயத்தில் வளர்ந்தோம். ஆகவே தெளிவாகச் சொல்கிறோம். பூஞ்சணத்துக்கு அழுக்கு தேவையில்லை. அதன் வித்தி எங்கும் காற்றில் இருக்கிறது, அமைச்சர் வீட்டிலும்தான். தாள், மரம், துணி எல்லாம் அதற்குச் சாப்பாடு. குறைவது ஈரம் ஒன்றே. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல் சில நாள் நின்றால் முளைத்துவிடும். வெப்பம் 25, 30 பாகை என்றால் இன்னும் வேகமாகப் பரவும். வன்னியின் மாரி இதுதானே! ஐப்பசியிலிருந்து தை வரை மழை, ஆனால் பெரிதாகக் குளிர்வதில்லை.

ஜன்னல் உபதேசம் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கனமீற்றர் காற்று 30 பாகையில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம், 10 பாகையில் 9 கிராம். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த சுவரிலும் தகரத்திலும் தண்ணீராக இறங்கும். நுவரெலியாப் பக்க லயங்களில் விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டுவது, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் படுத்த ஆறு பேரின் மூச்சும் அடுப்பு ஆவியும்தான்.

வன்னியில் கதை வேறு. மழைநாளில் வெளிக்காற்றே நனைந்திருக்கும், அதை உள்ளே விட்டால் சுவர் உலராது. (வெயில் எறிக்கும்போது திறக்க வேண்டும் என்பது நம் பெண்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.) அங்கே ஈரம் கீழிருந்து ஏறுகிறது. அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் மேசன்மார் டீ.பீ.சீ. என்கிற ஈரத்தடைப் படை போடாவிட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் சீமெந்துக் கல் நிலத்து நீரை இழுக்கும். வெளிப்பூச்சு இல்லாத சுவரைச் சாரலும் நனைக்கும். எத்தனை தரம் துடைத்தால் இது நிற்கும்?

போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தது. நல்லது. ஆனால் சாமான் விலை ஏற ஏற, கூரை போட்டு முடிப்பதற்குள்ளேயே பலர் கடனாளியானார்கள். பூச்சுக்கு ஏது காசு? 2016இல் அரசாங்கம் ஆர்செலர் மிட்டல் கம்பனியின் 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவரப் பார்த்தது. ஒன்று சுமார் 21 இலட்சம். காற்றோட்டம், அத்திவாரம், துரு பற்றியெல்லாம் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் கேள்வி கேட்டார்கள், வடக்கிலும் எதிர்ப்பு எழுந்தது. அந்த 65,000 வீடுகள் வரவில்லை. உருக்குப் பெட்டிக்கு 21 இலட்சம் தேட முடிந்தவர்களுக்கு, கல்வீட்டின் டீ.பீ.சீ.க்கும் பூச்சுக்கும் மட்டும் ஏன் பணம் கிடைப்பதில்லை?

இங்கிலாந்தின் ரொச்டேலில் 2020இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வீட்டுப் பூஞ்சணத்தால் இறந்தது. சூடானிலிருந்து போன குடும்பம். அவர்கள் முறையிட்டபோதும் "உங்கள் வாழ்க்கைமுறைதான்" என்ற எண்ணமே வீட்டு நிறுவனத்திடம் இருந்தது. பூஞ்சணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணையில் தீர்ப்பானது. அடுத்த வருடம் சட்டம் வந்தது: முறைப்பாடு வந்தால் குறித்த காலத்துக்குள் வீட்டுக்காரரே பார்த்துத் திருத்த வேண்டும்.

நாம் கேட்பதும் அதுதான். வீடு கட்டிக் கொடுப்பது திணைக்களமோ, தோட்ட நிர்வாகமோ, வெளிநாட்டு உதவியோ, யாராக இருந்தாலும் ஈரத்தடைப் படை, வெளிப்பூச்சு, எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுவழி, அடுப்படிக்குப் புகைபோக்கி எல்லாம் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். மலையகத்தில் கட்டும் வீடுகளுக்கும் இதே பேச்சுத்தான். இவை இல்லாத மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் சுவரில் ஈரம் எத்தனை அடி நிற்கிறது, தரையிலிருந்து ஏறுகிறதா கூரையிலிருந்து இறங்குகிறதா என்று அளந்து எழுதி வாருங்கள். வன்னித் தோழர்களும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.