சுருக்கினால் பொருந்திவிடுமா?

ரிமோட் டெஸ்க்டாப்பில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது என்று சொல்லிப் பாருங்கள். "கண்ணாடியை மாத்துங்க சார்" என்பதுதான் இளைஞர்கள் தரும் பதில். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோளாறு பல நேரம் நம் கண்ணில் இல்லை, இணைப்பை அமைத்துக் கொடுத்தவரின் அரைகுறை வேலையில் இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகும் ஒரு சங்கத்துக்கோ ஆடிட்டருக்கோ வீட்டிலிருந்தே கணக்குப் பார்ப்பவர்கள் நம்மில் உண்டு. கணக்குள்ள கணினி அங்கே, நாம் இங்கே. அங்கிருப்பவர் தன்னுடைய 1920×1080 திரைக்கு அமைத்த இணைப்புக் கோப்பை அப்படியே அனுப்பிவிடுகிறார். நம் பழைய லேப்டாப்போ 1366×768. பெரிய ஜமுக்காளத்தைச் சின்ன அறையில் விரித்த கதைதான். வலப்பக்கமும் அடிப்பக்கமும் மறைந்துபோகும். ஒவ்வொரு பதிவுக்கும் திரையைக் கீழே இழுத்து 'சேவ்' பட்டனைத் தேடவேண்டும்.

புகார் சொன்னால், விண்டோவின் இடது மேல் மூலையைச் சொடுக்கி 'ஸ்மார்ட் சைஸிங்' என்பதைத் தட்டிவிட்டு, "ஃபிட் ஆயிடுச்சு" என்கிறார்கள். எங்கே ஆனது? படத்தைச் சுருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1920ஐ 1366க்குள் அடைத்தால் எழுத்து பத்தில் ஏழு பங்காகிவிடும், கொஞ்சம் மங்கவும் செய்யும். 3ஐ 8 என்று படித்து ஒரு தொகை தப்பாக ஏறினால், "பெரியவருக்கு வயசாயிடுச்சு" என்ற பேச்சு நமக்கு!

செய்யவேண்டியது வேறு. இணைப்பதற்கு முன்பே ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து 'ஷோ ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தி, 'டிஸ்ப்ளே' பக்கத்துக்குப் போகவேண்டும். அங்குள்ள நகர்த்தியை வலக்கோடிக்குத் தள்ளினால் 'ஃபுல் ஸ்கிரீன்' என்று வரும். பிறகு 'ஜெனரல்' பக்கத்தில் 'சேவ்' கொடுத்து இணைக்கவேண்டும். இப்போது தூரத்துக் கணினியே நம் திரையின் அளவுக்கு வரைந்து அனுப்பும். எழுத்து சுருங்காது, இழுத்துத் தேடவும் வேண்டாம்.

"முழுத்திரை வைத்தால் பெரியவர்கள் திரும்பி வரத் தெரியாமல் திண்டாடுவார்கள்" என்று ஒரு வாதம். மேலே ஒரு பட்டை இருக்கிறது. அதிலுள்ள சிறு கோட்டை அழுத்தினால் நம் கணினி வந்துவிடும். பேரேடும் ரொக்கப் புத்தகமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு வித்தையா? "மாற்றினால் கணக்கு கெட்டுவிடும்" என்பதும் வெறும் பயமுறுத்தல். மாறுவது பார்வையின் அளவு மட்டுமே.

ஆகவே நண்பர்களே, அடுத்தமுறை யாராவது கண்ணாடியை மாற்றச் சொன்னால், "முதலில் டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து காட்டு தம்பி" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாதவருக்கு நம் வயதைக் குறை சொல்ல உரிமை இல்லை.